கேரண்டிக்கு என் வள்ளம்

ஒரே நாளில் சூரியனை இரண்டு முறை மறைய வைத்தவன் நான். மற்றபடி சாதாரண ஆள்தான். சீனி போடாத தேநீர் குடிக்கிறேன், காலையில் கடற்கரை வரை நடக்கிறேன், பேரப்பிள்ளைகளோடு கேரம் விளையாடித் தோற்கிறேன்.

தொழிலை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தபின் பேசுவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. சுறாவின் முதுகில் சாய்ந்தபடியே மண்டபம் போய்ச் சேர்ந்ததையும், என்னைத் துரத்தி வந்த சுங்கத்தார் படகின் பாய் கிழிந்தபோது நானே நின்று தைத்துக் கொடுத்ததையும் சொன்னால், திருப்பாலைக்குடியில் எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். சூரியன் விஷயத்துக்கும் தலையாட்டுகிறார்கள். ஒருத்தன்தான் ஆட்ட மாட்டான். என் மனைவி குல்சுமின் அண்ணன் சதக்கத்துல்லா. "சுறாகூட இருக்கட்டும் மச்சான். இது நடக்கல" என்பான். சுறாவை விழுங்குகிறவனுக்குச் சூரியன் மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது என்று எனக்கு விளங்கியதில்லை. அவனுக்காகத்தான் இதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் இதைக் குற்றம் என்று சொன்னால் நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை. நியாயத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அறுபத்தேழாம் வருஷம். நான் அக்கரைக்கும் இக்கரைக்கும் வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தேன். இலங்கையிலிருந்து வாசனை சோப்பு வரும், நைலான் துணி வரும், சுவிஸ் கைக்கடிகாரம் வரும். எனக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, ரசீது கிடையாது. என் கடை முழுவதும் என் கைலி மடிப்பில் அடங்கிவிடும். மதுரையில் பெரிய கடைக்காரர்கள் வெல்வெட் பெட்டியில் வைத்து விற்கிற அதே சரக்கு, என்னிடம் கருவாட்டு வாசனையோடு கிடைக்கும். அந்த வாசனைக்கு நான் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

சதக்கத்துல்லா சங்கும் கருவாடும் ஏற்றுமதி செய்கிறவன். ஊரில் முதல் சைக்கிள் அவனுடையது, முதல் மூக்குக் கண்ணாடியும் அவனுடையது. கண்ணில் ஒரு குறையும் இல்லாமலே போட்டிருந்தான். அவனுக்குத் தங்க முலாம் பூசிய சுவிஸ் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. சாவி கொடுக்கவே வேண்டாம், கையை ஆட்டினாலே ஓடும் என்று சொல்வார்களே, அந்த ஜாதி. கொண்டுவந்துவிட்டேன்.

கொண்டுவந்த அன்று சுங்கத்தார் ஊருக்குள் முகாம் போட்டிருந்தார்கள். நான் நேராக வேல்சாமியின் தேநீர்க் கடைக்குப் போய், அவருடைய ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே ஸ்பீக்கருக்குப் பின்னால் கடிகாரத்தைச் செருகி மூடிவிட்டேன். ஊரில் இருந்ததே அந்த ஒரு ரேடியோதான். சுங்கத்தார் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். களைத்துப்போனதும் வேல்சாமி கடைக்கு வந்து உட்கார்ந்து, அதே ரேடியோவில் பாட்டு வைக்கச் சொல்லித் தொடையில் தாளம் போட்டார்கள். போகிற வழியாகத் தெரியவில்லை. தாங்கள் தேடி வந்த பொருளின் முன்னால் உட்கார்ந்து அவர்கள் குடித்த தேநீரைக் கடலில் கொட்டியிருந்தால் ராமேஸ்வரம் வரைக்கும் தண்ணீர் சிவந்திருக்கும்.

ஸ்பீக்கரின் முதுகில் குதிரைலாடம் தண்டிக்கு ஒரு காந்தம் உண்டு என்பதும், கடிகாரத்தின் வயிற்றில் காந்தம் ஏறினால் அது பேய் பிடித்ததுபோல் ஓடும் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கடிகாரக்காரர் சொன்னார். அதனால் அந்தப் பிழை என்னுடையதல்ல, சங்கீதத்துடையது.

சுங்கத்தார் போனபின் கடிகாரத்தை எடுத்துச் சதக்கத்துல்லாவின் கையில் வைத்தேன். தேநீர்க் கடையில் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அவன் அதைக் காதில் வைத்துக் கேட்டான், வெயிலில் காட்டிப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான்.

"மதுரையில வாங்குனா சீல் வச்ச அட்டை குடுக்காக மச்சான். ஒரு வருஷத்துக்குள்ள நின்னு போச்சுன்னா மாத்திக் குடுக்காக. நீ என்னத்தக் குடுப்ப?"

"நான் இருக்கேன்ல."

"நீ கடலுக்குப் போவ, வருவ, வராமலும் போவ. உன்னைய நம்பி எப்படி வாங்குறது? மதுரைக் கடையில கொண்டுபோயி ரிப்பேருக்குக் குடுத்தா, இதுக்கு ரசீது எங்கன, நம்பரு எங்கனன்னு கேப்பான். நான் களி திங்கவா?"

அவன் கேட்டது நியாயம். வேல்சாமி வேறு கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அட்டை இல்லாத வாட்ச்சும் அத்தா இல்லாத பிள்ளையும் ஒண்ணுதான் பாய்" என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. அந்த வேகத்தில் சொன்னேன்:

"பள்ளிவாசல் கடிகாரத்தோட தினம் ஒத்துப் பாரு. பெருநாள் பிறை தெரியிற வரைக்கும் கேரண்டி. அதுக்குள்ள வித்தியாசம் வந்துச்சுன்னா என் வள்ளம் உனக்கு."

கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. சதக்கத்துல்லா மட்டும், "சீலு?" என்றான். வேல்சாமி பார்சல் கட்ட வைத்திருந்த அரக்கை உருக்கி, கடிகாரத்தின் நேரம் மாற்றுகிற திருகின் மேல் ஒரு சொட்டு விட்டு, என் மோதிரத்தால் அழுத்தினேன். அந்த அரக்கு உடைந்தால் கேரண்டி செல்லாது. நானும் திருகைத் தொட முடியாது, அவனும் தொட முடியாது. மதுரைக் கடைகூட இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டிருக்காது.

வீட்டுக்குப் போனதும் குல்சும் கேட்டாள்: "கேரண்டிக்கு வள்ளத்த வச்சீகளாம்ல?"

"சும்மா பேச்சுக்கு."

"அது என் கழுத்துல கிடந்த நகை. அதை வித்துத்தான் வள்ளம் வாங்குனீக. எங்க அண்ணன் வள்ளத்த ஓட்டிக்கிட்டுப் போறதை நான் கரையில நின்னு பாக்கணும்னா, அன்னைக்கே நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். வரமாட்டேன்."

குல்சும் கத்துகிறவள் அல்ல. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். சொன்னால் செய்கிறவள். ஆகவே நான் பிறகு செய்ததெல்லாம் ஒரு குடும்பம் உடையாமல் இருக்கச் செய்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் சதக்கத்துல்லா பள்ளிவாசல் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்று கையை உயர்த்தினான். ஒட்டகம் கழுத்தைத் தூக்குவதுபோல் ஊரே தூக்கிப் பார்த்தது. நகக்கண் அளவு வித்தியாசம். கைக்கடிகாரம் முந்தியிருந்தது.

"பள்ளிக் கடிகாரம்தான் மெதுவாப் போகுது போல" என்றேன்.

"எங்க பாட்டனார் பள்ளிக்கு எழுதி வச்ச கடிகாரம்ல அது. அது மெதுவாப் போகுமா?" என்றான் அவன். "இன்னைக்குப் போனாப் போகுது. நாளைக்கும் இப்படி இருந்துச்சுன்னா வள்ளத்தைக் கொண்டாந்து எங்க கொட்டகைக்கு முன்னால கட்டிரு."

நான் நிதானமாக யோசித்தேன். கைக்கடிகாரம் அரக்கு வைத்து அவன் மணிக்கட்டில் இருக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றிக் கீழே வைப்பதில்லை. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு முழங்கை வரை கழுவுகிறான். அதைத் திருத்த வழியில்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதானே பேச்சு. எது எதனோடு ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

தொழுகைக்கு அழைப்புச் சொல்கிற மோதினார் முஹைதீன் நல்ல மனிதர். முழங்கால் வலிக்காரர். பள்ளிவாசல் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூலில் ஏறுவது அவருக்குப் பெரும்பாடு. "மாமு, இனிமே அந்த வேலைய நான் பாக்குறேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அல்லா உனக்கு பரக்கத்தக் குடுப்பான் காதரு" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார். குடுத்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து தினமும் அஸருக்கு முன்னால் முதல் ஆளாகப் பள்ளிவாசலில் நின்றேன். சதக்கத்துல்லா தொட்டிக்கரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒளுச் செய்வான். முகப்பு என்னைப் பார்த்தபடி தொங்கும். மணியைப் பார்த்துக்கொள்வேன். உள்ளே போய் ஸ்டூலில் ஏறிச் சாவி கொடுத்தபடியே பெரிய முள்ளை விரல் நுனியால், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் இருக்கும் கொசுவைத் தள்ளுவதுபோல், ஒரு சிட்டிகை தள்ளிவைப்பேன். தொழுகை முடிந்து அவன் கையை உயர்த்துவான். ஒத்துக்கொள்ளும். ஊர், "மாஷா அல்லாஹ்" என்னும்.

மோதினார் வழக்கமாக நிழலைப் பார்த்து நேரம் சொல்கிறவர், பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்து அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறவர். ஆனால் அந்த வருஷம் மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. கார்த்திகையிலேயே வானம் சட்டி கவிழ்த்ததுபோல் மூடிக்கொண்டது. பெய்த மழையில் கெண்டை மீன்கள் தெருவழியே நீந்திவந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டின. நிழல் என்று ஒன்று உண்டு என்பதையே ஊர் மறந்துவிட்டது. ஆகவே நேரம் என்பது சுவரில் இருந்த அந்தக் கடிகாரம்தான். அதாவது நான்தான்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தன் கடிகாரத்தைப் பள்ளிவாசலைப் பார்த்து வைப்பவர். பள்ளிக்கூடம் முந்தியது. பிள்ளைகள் முந்தின. அடுப்புகள் முந்தின. ராமநாதபுரத்து பஸ் மட்டும் தினமும் லேட்டாக வந்தது. கண்டக்டரோடு ஊரே சண்டை போட்டது. அந்த மனிதர், "நான் கரெக்டாத்தான்யா வாரேன்" என்று சத்தியம் செய்ததை யாரும் நம்பவில்லை. மழைக்காலத்தில் பஸ்காரன் சொல்வதை யார் நம்புவார்கள். ரேடியோவில் செய்தி லேட்டாக வருகிறது என்று வேல்சாமி ஒருநாள் சொன்னார். அன்று சாயங்காலமே ரேடியோவின் வால்வு ஒன்று காணாமல் போய்விட்டது. பெருநாளுக்குப் பிறகு என் வீட்டு அரிசிப் பானையில் கிடைத்தது.

எனக்கு அப்போது ஒரே குதூகலம். உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் மறைப்பானேன். காலையில் கண் விழித்ததும் சிரிப்பு வரும். தெருவில் நடந்தால் எல்லாரும் நான் வைத்த நேரத்துக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் முள்ளைத் தள்ளினால் ஊரே ஒரு சிட்டிகை முன்னால் நகரும். ஒரு வள்ளத்துக்குச் சுக்கான் பிடித்தவன், ஓர் ஊருக்கே சுக்கான் பிடித்தேன்.

இதற்கிடையில் ரமலான் பிறை தெரிந்திருந்தது. ஊர் நோன்பு வைத்திருந்தது.

இங்கே சிலர் நிமிர்ந்து உட்கார்வார்கள் என்று தெரியும். பொறுங்கள். கடிகாரம் முந்துகிறது என்றால் சாயங்காலம் மட்டுமா முந்துகிறது? விடியற்காலையும் முந்துகிறதே. ஊர் சஹர் சாப்பாட்டை முன்னதாகவே முடித்து, முன்னதாகவே வாயைக் கழுவியது. சாயங்காலம் முன்னதாகவே நோன்பு திறந்தது. முன்பக்கம் கூட்டினேன், பின்பக்கம் குறைந்தது. நோன்பின் நீளத்தில் ஒரு விரற்கடை குறையவில்லை. யார் பட்டினியையும் நான் திருடவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

கடைசி நோன்பு வந்தது. அதற்குள் பள்ளிவாசல் கடிகாரம் அரைமணிக்குப் பக்கமாக முந்தியிருந்தது. பள்ளிவாசல் முற்றத்துப் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முன்னால் மண் கலயத்தில் கஞ்சி, இலைத்துண்டில் வடை. மோதினார் உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, நோன்பு திறக்கச் சொல்லி நகரா முரசை அடித்தார். ஊர் பிஸ்மில்லா சொல்லிக் கலயத்தைத் தூக்கியது. பிள்ளைகள் சூடு பொறுக்காமல் ஊதின. பாக்கர் என்கிற கிழவர் என் பக்கத்தில் கண்ணை மூடி முதல் வாய் விழுங்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சைத் தடவினார். காய்ச்சலோடு நோன்பு பிடித்திருந்தார் மனிதர்.

நான் கலயத்தை உதட்டில் வைத்தேன். குடிக்கவில்லை.

நேரம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியுமே. தெரிந்தவன் எப்படிக் குடிப்பது? எனக்கு மறுமை பற்றிய பயம் உண்டு.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கலயத்தோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் அடியில் கஞ்சியை ஊற்றினேன். ஊற்றி நிமிர்ந்தால், மேற்கே மேகம் திரை விலகியதுபோல் ஓரமாக ஒதுங்கி, பனைமரங்களுக்கு மேலே சூரியன் நின்றது. முழுசாக, பளபளவென்று, என்னையே பார்த்துக்கொண்டு. உள்ளே ஊர் மஃரிபு தொழுதுகொண்டிருந்தது. தொழவைக்கிற ஹஜ்ரத் ஓதுவது கேட்டது. நான் மறைய வைத்த சூரியன் திரும்பி வந்து நிற்கிறது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, துண்டால் வாயை அடைத்துக்கொண்டேன். பிறகு மேகம் மூடியது. சூரியன் அதன் பாட்டுக்கு இரண்டாவது முறை மறைந்தது. அப்போது மடியில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து, துஆ ஓதி, என் நோன்பை ஒழுங்காகத் திறந்தேன். வீட்டுக்குப் போய் ஒழுங்காகத் தொழுதேன்.

கடைசி நாள் மட்டும்தானா என்று கேட்காதீர்கள். அந்த மாதம் முழுக்க மேகம் என்று முன்பே சொன்னேன். என் மடியில் தினமும் பேரீச்சம்பழம் இருந்தது.

அன்று மாலையே மேகம் விலகிப் பெருநாள் பிறையும் தெரிந்தது. ஊர் தக்பீர் முழங்கியது. என் காதில், வள்ளம் பிழைத்தது, வள்ளம் பிழைத்தது என்றுதான் கேட்டது. விடியற்காலையில் போய்ப் பள்ளிவாசல் கடிகாரத்தை அதன் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். இனிமேல் சதக்கத்துல்லா கத்தலாம். கேரண்டி முடிந்துவிட்டது.

பெருநாள் தொழுகை முடிந்து, புதுச்சட்டையும் அத்தர் வாசனையுமாக அவன் வந்து கடிகாரத்தின் கீழ் நின்று கையை உயர்த்தினான். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் உரக்கச் சொன்னான்: "ஒத்துக்கிருச்சு."

எட்டிப் பார்த்தேன். ஒத்துத்தான் இருந்தது. திருகில் அரக்கைக் காணோம். பல்லில் கடித்துக் கடித்து உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடிகாரம் எப்படித் திருந்தியது என்று விசாரிக்கவில்லை. கேரண்டி முடிந்த பொருளைப் பற்றி வியாபாரி வாய் திறக்கக்கூடாது.

பிற்பாடு ஒருநாள் ஹஜ்ரத்திடம் பொதுவாகக் கேட்டேன், ஓர் ஊரே நேரம் தெரியாமல் முன்கூட்டி நோன்பு திறந்துவிட்டால் என்ன சட்டம் என்று. தெரியாமல் செய்தவர்களுக்குக் குற்றமில்லை, ஆனால் அந்த நோன்புகளைத் திரும்ப வைக்க வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன்மேல்தான் எல்லாப் பாரமும் என்றார். "எந்த ஊருல நடந்துச்சு?" என்று கேட்டார். தொண்டிப் பக்கம் என்று சொன்னேன். ஊர்மேல் குற்றமில்லை என்று கேட்டபின் எனக்கு மனசு பஞ்சுபோல ஆகிவிட்டது. பாக்கரிடம் போய்த் திரும்ப வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார். குல்சும் இன்றுவரை என்னோடுதான் இருக்கிறாள். ஒரு வியாபாரி கொடுத்த வாக்கு கடைசிவரை நின்றது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று வேல்சாமியின் மகன் நடத்துகிற கடையில் உட்கார்ந்து சதக்கத்துல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கையில் அதே கடிகாரம் கிடந்தது. கண்ணாடி போட்டிருந்தான், இப்போது நிஜமாகவே தேவைப்படுகிறது. அரக்கு, ஸ்டூல், வால்வு எல்லாவற்றுக்கும், "அளக்காத மச்சான்", "உன் வாய்க்கு மதகு கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான் கஞ்சி ஊற்றிய இடம் வந்தபோது கையை நீட்டி நிறுத்தினான்.

"என்ன மரம்னு எழுதிருக்க?"

"வேம்பு."

"பூவரசுல அது."

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். அவன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகரா அடிக்கையில உன்னைய ஓரக்கண்ணால பாத்தேன். நீ குடிக்கல. நானும் குடிக்கல" என்றான்.

"வாட்ச் முந்தி ஓடுறது உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். பஸ் கண்டக்டரு தன் வாட்ச்சக் காட்டுனான்."

"ஏலே, சொல்லிருந்தா வள்ளம் உனக்குல்ல?"

"வள்ளம் ஆருக்கு வேணும்? ஊரே என் கையப் பாத்து மாஷா அல்லான்னுச்சு. அத எப்படி விடுறது?" மணிக்கட்டைத் திருப்பி, திருகின் மேல் பெருவிரலால் தடவினான். "அரக்க நான்தான் பேத்தெடுத்தேன், பெருநாளைக்கு விடியக்காலம். நீ பள்ளிக் கடிகாரத்தத் திருப்பி வச்சதப் பாத்துட்டு."

பஸ் வந்து நின்றது, சரியான நேரத்துக்கு.

"அப்ப சூரியன்?" என்றேன்.

"நடந்ததுதான் மச்சான்" என்றான் சதக்கத்துல்லா. "பூவரசுக்கு அந்தப் பக்கம் நின்னு நானும் கஞ்சிய ஊத்திக்கிட்டுத்தான இருந்தேன்."